கருவிலும் தொட்டிலிலும் தொடங்கும் மனநலம்

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் அண்மையில் எங்கள் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்திருந்தார். மடியில் இரண்டு வயதை எட்டும் ஆண் குழந்தை. இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதே அவர் வந்த காரணம். குழந்தையின் வளர்ச்சியைப் பற்றி நாங்கள் விசாரிக்கத் தொடங்குமுன் அவரே கேட்டுவிட்டார்: "அன்னிக்கு ராத்திரி அந்தக் காத்தை இழுத்ததாலதான் இப்படி ஆச்சா, டாக்டர்?"

அவர் குறிப்பிட்டது 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை. கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பத்தையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டை விட்டு வெளியேறிய இரவு அது. மிக்ஜாம் புயலின் வெள்ளமும் அதனோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்ப் படலமும் அவர்களைப் பாதித்து அப்போது ஒரு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. அந்தத் தாய்க்கு அன்று ஐந்தாம் மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நெடுஞ்சாலை வரை ஓடியதாகச் சொன்னார். "வயித்துல புள்ளைய வச்சுக்கினு யாராவது ஓடுவாங்களா?" என்று மாமியார் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாராம். (இந்தக் குடும்பத்தின் அடையாளங்களை மாற்றியிருக்கிறோம், எங்களிடம் வரும் வேறு சில குடும்பங்களின் அனுபவமும் இதில் கலந்திருக்கிறது.)

அந்தத் தாயின் கேள்விக்கு விடை சொல்ல முயல்வதே இக்கட்டுரை. பிள்ளைகளின் பிற்கால மனநலத்தைத் தீர்மானிப்பதில் கருக்காலத்துக்கும் முதல் சில ஆண்டுகளுக்கும் எவ்வளவு பங்கு உண்டு, எவற்றை அஞ்ச வேண்டும், எவற்றை அஞ்ச வேண்டியதில்லை என்பவற்றை எங்கள் அனுபவத்திலிருந்தும் ஆய்வுகளிலிருந்தும் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

இடர்க்காரணி என்னும் சொல்

மருத்துவர்கள் அடிக்கடி ஆளும் ஒரு சொல் 'இடர்க்காரணி'. இதனைக் 'காரணம்' என்றே பலரும் புரிந்துகொள்கின்றனர். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை நம் பகுதியில் சிறு பிள்ளையும் அறியும். கூண்டு ஏறியதால் கடலில் உள்ள எல்லாப் படகுகளும் கவிழ்ந்துவிடுவதில்லை. கூண்டு ஏறாத நாளிலும் படகு கவிழ்வதுண்டு. ஆயினும், கூண்டைப் பார்த்தபின் படகை இழுத்துக் கட்டுகிறோம். இடர்க்காரணியும் அத்தகையதே. குறைப்பிரசவம் ஓர் இடர்க்காரணி என்றால், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுள் கவனக்குறைவோ பதற்றமோ பிற்காலத்தில் காணப்படுவோர் சற்று அதிகம் என்றுதான் பொருள். குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு அது வந்தே தீரும் என்பதன்று.

பரம்பரையும் இவ்வாறே. மனச்சிதைவு நோய் பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது. தாய் தந்தையருள் ஒருவருக்கு அந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவுக்கு உயர்கிறது. பத்து மடங்கு என்று கேட்டவுடன் நெஞ்சு பதறும். ஆனால், அத்தகைய பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அந்நோய் வருவதில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

மனநோய்கள் பெரியவர்களுக்கு உரியவை என்ற எண்ணமும் மாற வேண்டியிருக்கிறது. வாழ்நாளில் தோன்றும் மனநலக் கோளாறுகளில் பாதி, 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இந்தியாவில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பெருநகரங்களில் இது 13.5 விழுக்காடு. பதினான்கு வயதில் வெளிப்படுவதற்கு வேர் எங்கே என்று தேடும்போதுதான் பள்ளி, வீடு, தொட்டில், கருப்பை எனப் பின்னோக்கிச் செல்ல நேர்கிறது.

பசியும் கருவும்

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாமல் தடுத்தது. பெருநகர மக்கள் பூச்செடிக் கிழங்குகளைத் தின்று உயிர் பிழைத்தனர். அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவுற்றுப் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, மனச்சிதைவு நோய் அவர்களிடையே ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சீனாவில் 1959-61 பெரும்பஞ்சத்தில் பிறந்தோரிடமும் இதே நிலை காணப்பட்டது. தாயின் தட்டில் சோறு குறைந்தால், இன்னும் பிறவாத குழந்தையின் மூளையை அது தொடும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

நம் பகுதியில் அத்தகைய பஞ்சம் இல்லை. வேறு வகையான பசி இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 48 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. வயிறு நிறைந்திருந்தும் இரும்புச்சத்து குறைந்திருக்கும் நிலை இது. மூளை நரம்புகளுக்கு உறை அமைவதற்கும் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் உண்டாவதற்கும் இரும்புச்சத்து வேண்டும். கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள சுமார் 1000 நாள்களில் இக்குறை நீடித்தால், பின்னர் மாத்திரை கொடுத்து இரத்தத்தைச் சரிசெய்தாலும் கவனமும் நினைவாற்றலும் முழுமையாக மீள்வதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன.

ஆகவே, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப் பரணில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். "கறுப்பாகப் போகிறது, வாந்தி வருகிறது" என்று நிறுத்திவிடுவோர் பலர். மலம் கறுப்பது இயல்பானதே. குமட்டினால் இரவு உணவுக்குப்பின் விழுங்கலாம். தேநீரோடு மட்டும் வேண்டாம், தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். அதில் வரும் பேரீச்சம்பழத்தை வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டு வெறும் கையோடு இருக்கும் தாய்மார்களையும் அறிவோம். அன்பின் மிகுதியால் செய்கிறார்கள். ஆனால், அது வயிற்றிலிருக்கும் பிள்ளையின் பங்கு.

மதுவும் புகையிலையும் கருவைத் தாக்கும் என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 'எங்கள் வீட்டுப் பெண்கள் புகைப்பதில்லை' என்பார்கள். வாயில் அடக்கும் மாவாவும் புகையிலைதான். மனநலத்துக்காகவோ வலிப்புக்காகவோ மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கு மட்டும் ஒரு செய்தி: கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். சோடியம் வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவின் மூளையைப் பாதிக்கக்கூடும். அவற்றை முன்னதாகவே மாற்றிவிட இயலும். நீங்களாக நிறுத்துவது அதனினும் ஆபத்தானது.

அம்மாவின் மனம்

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைக் கண்டு பேசி, பிரசவத்துக்குப் பின்னரும் பார்த்தனர். புதிதாக மனச்சோர்வு கண்டோர் 11 விழுக்காட்டினர். யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால் நம் தெருக்களின் கதையே விரிகிறது: வருமானம் குறைந்த வீடு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியார் வீட்டோடு மனக்கசப்பு, கருக்காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வீட்டுவேலையில் கைகொடுக்க ஆள் இல்லாமை. அதே ஆண்டில் வெளியான கோவா ஆய்விலும், பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரங்களான தாய்மார்களில் 23 விழுக்காட்டினர் மனச்சோர்வில் இருந்தனர். அங்கும் கணவனின் வன்முறையும் பெண் குழந்தை பிறந்ததும் முன்னின்றன.

இது குழந்தையை எவ்வாறு சென்று சேர்கிறது? தாய்ப்பால் வழியாகச் சோகம் இறங்கிவிடும் என்பர் சிலர். அது உண்மையன்று. மூன்று மாதக் குழந்தை 'ங்கா' என்று குரல் கொடுக்கும்போது எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்து மறுகுரல் கொடுக்க வேண்டும். குழந்தை மீண்டும் குரல் கொடுக்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழியும், அழுகையை அடக்கிக்கொள்ளும் திறனும், பிறரை நம்பும் மனமும் உருவாகின்றன. மனச்சோர்வில் இருக்கும் தாய் பால் கொடுப்பார், குளிப்பாட்டுவார், உடை மாற்றுவார். முகம் மட்டும் அசையாது. அவருடைய குற்றமன்று அது. காய்ச்சல் கண்டவரால் எழுந்து நடக்க முடியாததைப்போன்ற நிலை.

இந்நிலை மாதக்கணக்கில் நீடித்து, மறுகுரல் கொடுக்க வேறு எவரும் வீட்டில் இல்லாதபோதுதான் குழந்தைக்கு இடர் கூடுகிறது. பாட்டியோ அத்தையோ அப்பாவோ அந்த இடத்தை நிரப்பலாம். நம் பகுதித் தந்தையர் பலர் கடலுக்குச் சென்றால் நாள்கணக்கில் திரும்புவதில்லை. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் இரவுப் பணி செய்வோர் பகலெல்லாம் உறங்குகின்றனர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பும் வழக்கம் இவ்வகையில் மிக நல்ல வழக்கம். இரண்டாம், மூன்றாம் பேற்றுக்கு அவ்வாறு அனுப்புவது குறைந்துவிடுகிறது. உதவி அதிகம் தேவைப்படுவதோ அப்போதுதான்.

பிரசவமான இரண்டு வாரங்களுக்குப் பிறகும் ஒரு தாய் காரணமின்றி அழுதாலோ, குழந்தை உறங்கும்போதும் உறங்க முடியாமல் தவித்தாலோ, குழந்தையைத் தொடவே அஞ்சினாலோ, 'நான் இல்லாமலிருந்தால் நல்லது' என்று சொன்னாலோ, உடனே அழைத்து வாருங்கள். மனச்சோர்வு மருந்துகளுள் பலவற்றைத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே உட்கொள்ளலாம். 'காத்துக் கருப்பு' என்று நாள் கடத்துவதுதான் எங்களை வருத்துகிறது.

ஈயம்: நம் பகுதியின் சிறப்புச் சிக்கல்

சென்னைக் குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தாரும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 சென்னைக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பார்த்தனர். 2009இல் முடிவு வெளியானது. சராசரி அளவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் அப்போது கவலைக்குரிய எல்லையாக வைத்திருந்தது 10. அதனை 2012இல் 5 ஆகவும் 2021இல் 3.5 ஆகவும் குறைத்துவிட்டனர். 'இந்த அளவுக்குள் இருந்தால் தீங்கில்லை' என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் நடத்தையையும் ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிட்டனர். இரத்தத்தில் காரீயம் கூடக்கூட, பதற்றமும், பிற பிள்ளைகளோடு பழகுவதில் சிக்கலும், கவனக்குறைவும் கூடியிருந்தன. ஒரு தனிக் குழந்தையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு சிறியது. ஒரு வகுப்பு முழுவதற்கும், ஒரு ஊர் முழுவதற்கும் என்று பார்த்தால் சிறியதன்று.

காரீயம் உடலுக்குள் கால்சியத்தைப்போல வேடமிட்டு நுழையும். விழுங்கிய காரீயத்தைப் பெரியவரின் குடல் ஈர்ப்பதைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் குடல் ஈர்த்துக்கொள்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். மேலே சொன்ன இரத்தசோகை இங்கே மறுபடியும் வந்து சேர்ந்துகொள்வதைக் கவனியுங்கள். பெண்ணின் எலும்பில் பல்லாண்டுகள் தங்கியிருந்த காரீயம், அவர் கருவுறும்போது கரைந்து கருவுக்கும் செல்கிறது.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவுக்கு 2017 முதல் கடும் வரம்பு உள்ளது. அதற்குமுன் அடித்த பூச்சு சன்னல் கம்பியிலும் பழைய கதவிலும் இன்னும் இருக்கிறது. எங்களிடம் வரும் குடும்பங்களிடம் நாங்கள் கேட்பவை வேறு சில. வீட்டில் யாரேனும் பழைய பேட்டரி உடைக்கும் வேலைக்கோ பற்றவைப்பு வேலைக்கோ செல்கிறார்களா? வலையின் அடியில் கோக்கும் ஈயக்குண்டுகளை வீட்டு அடுப்பில் உருக்கி வார்க்கிறார்களா? வார்த்த குண்டுகளைப் பிள்ளைகள் கோலிக்குண்டாக விளையாடுவதும், வலை கோக்கும்போது பெரியவர்கள் அவற்றைப் பல்லால் கடித்து இறுக்குவதும் உண்டு. உருக்கும் வேலையைக் குழந்தைகள் இல்லாத திறந்த வெளிக்கு மாற்றுவது, வேலைத்துணியைத் தனியே துவைப்பது, வீட்டுத் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, உண்ணுமுன் குழந்தையின் கையைச் சோப்பால் கழுவுவது ஆகியவை செலவில்லாத காப்பு.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பைப் பற்றியும் கேட்கிறார்கள். சொல்லில் உள்ள குழப்பம் இது. முறையான ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது நஞ்சன்று. விலை மலிவுக்காகக் காரீயம் கலந்து செய்ததாயின் புளிக்கரைசலில் அது கரையும். பார்த்துக் கண்டறிவது கடினம். ஐயமிருந்தால் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறிவிடுங்கள், ரசத்தின் மணம் சற்றுக் குறையலாம். குழந்தைக்குத் தீட்டும் கண்மை, பளிச்சென்ற மஞ்சள் தூள், செங்குங்குமம் ஆகியவற்றிலும் கலப்படம் இருக்கக்கூடும்.

மண், சுண்ணாம்பு, சுவர்ப்பூச்சு ஆகியவற்றைத் தின்னும் குழந்தைக்கு இரத்தசோகையையும் காரீய அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தப் பழக்கத்துக்காக அடிப்பவர்கள் உண்டு. அடியால் அது நிற்காது, இரும்புச்சத்தால் நிற்கும்.

காற்று மாசும் மூளையைப் பாதிக்கிறதா என்ற வினாவுக்கு உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. நுண்துகள் மிகுந்த காற்றுக்கும் பிள்ளைகளின் கவனக்குறைவுக்கும் தொடர்பு காணப்படுகிறது; ஆயினும் காரீயத்தைப்போல் இது அத்தனை உறுதியாக நிறுவப்படவில்லை. அனல்மின் நிலையங்களுக்கும் சரக்குப் பெட்டக லாரிகளுக்கும் நடுவே வாழும் மக்களிடம் 'தூய காற்றில் குழந்தையை வளருங்கள்' என்று அறிவுரை கூற எங்களுக்கு நா எழவில்லை. அது பெற்றோர் கையில் உள்ள செயலன்று.

குறைமாதப் பிறப்பு

37 வாரங்களுக்கு முன் பிறந்தோ, பிறந்தவுடன் அழாமலோ, இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தோ இருந்த குழந்தைகளின் பெற்றோர் அச்சத்தோடு வாழ்கின்றனர். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை ஆராய்ந்தவர்கள், அதே குழந்தைகளை 20 ஆண்டுகள் கழித்துத் தேடிக் கண்டனர். அவ்வாறு வளர்ந்தவர்களிடம் மிகைத்துடிப்பும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன. தந்தையும் பாட்டியும் கூட இவ்வாறு அணைத்து வைக்கலாம். குறைமாதக் குழந்தையைப் பெற்றோர் தடுப்பூசி முடியும்வரை அழைத்து வருகின்றனர், பிறகு நின்றுவிடுகின்றனர். ஐந்து வயது வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது வாருங்கள். பேச்சிலும் கவனத்திலும் உள்ள சிறு குறைகள் மூன்று வயதுக்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டுக்குள் புயல்

1998இல் அமெரிக்க மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. பல்லாயிரம் பெரியவர்களிடம், உங்கள் சிறுவயதில் அடிபட்டீர்களா, தாய் அடிபடுவதைக் கண்டீர்களா, வீட்டில் குடிப்பழக்கம் இருந்ததா என்றெல்லாம் கேட்டனர். அத்தகைய துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் மட்டுமன்றி இதயநோயும் கூடியிருந்தது. ஒரு துன்பம் தனியே வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்கின்றனர்; நான்கு ஐந்து சேர்ந்து வரும்போதுதான் ஒடிகின்றனர்.

நம் பகுதியில் இவை சேர்ந்து வரும் காலங்கள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்று, கடன் ஏறி, வீட்டில் சண்டை மிகும். அதே நேரத்தில்தான் பள்ளி விடுமுறையும் வருவதால் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கின்றனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பல, தற்காலிகக் கொட்டகைகளிலும் பின்னர் எர்ணாவூர்ச் சுனாமிக் குடியிருப்பு போன்ற இடங்களிலும் வாழத் தொடங்கின. அலையின் அச்சம் பல பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளில் தணிந்தது. பழகிய தெருவும் பாட்டி வீடும் பள்ளித் தோழரும் பிரிந்ததன் வடு நீண்ட காலம் இருந்தது. அன்று கைக்குழந்தைகளாக இருந்தோர் இன்று தம் குழந்தைகளோடு எங்களிடம் வருகின்றனர்.

அடியைப் பற்றி ஒரு சொல். 'அடியாத மாடு படியாது' என்று எங்கள் அறையிலேயே சொல்லும் தந்தையர் உண்டு. மாட்டுக்கு அது பொருந்துமா என்பதைக் கால்நடை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, அடிக்கடி அடிபட்ட பிள்ளை பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியே வளர்கிறது என்பதில் ஆய்வுகளிடையே மாறுபாடு இல்லை.

இவ்வளவையும் படித்து மனம் தளர்ந்தவர்களுக்காக ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயியைப் பற்றிச் சொல்கிறோம். 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளையும் உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, பிறப்புச் சிக்கல், பெற்றோரின் குடியோ மனநோயோ எனப் பல இடர்கள் ஒருங்கே சூழ்ந்த குழந்தைகளுள்ளும் மூன்றில் ஒருவர் நல்ல மனநலத்தோடு வளர்ந்து, குடும்பமும் தொழிலும் கண்டனர். அவர்களிடம் பொதுவாக இருந்தது என்ன? பெற்றோர் இயலாதபோதும், தாத்தாவோ அத்தையோ ஆசிரியரோ, மாறாத அன்போடு நின்ற ஒரு பெரியவர். ருமேனிய அனாதை இல்லக் குழந்தைகளைப் பற்றி 2000இல் தொடங்கிய ஆய்வும் இதனையே வேறுவகையில் காட்டியது: இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகள், பிந்திச் சென்றவர்களைவிட நன்றாக மீண்டனர்.

அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்னது

ஓரிரவு சுவாசித்த வாயுவால்தான் குழந்தை பேசவில்லை என்று சொல்லச் சான்று இல்லை என்று சொன்னோம். ஓடியதும் பிழையன்று, நஞ்சுக்காற்றிலிருந்து விலகி ஓடியது தாயும் சேயும் பிழைக்கச் செய்த சரியான செயல். மாமியாரையும் உள்ளே அழைத்து இதையே மறுபடியும் சொன்னோம்.

பேசாத குழந்தைக்கு முதலில் செய்யவேண்டியது செவித்திறன் பரிசோதனை. அது சரியாக இருந்தது. குழந்தை பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்த்தான், வேண்டியதைச் சுட்டிக் காட்டினான். ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் தெளிவாக இல்லை. இரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. தாயிடம் தனியே பேசியபோது, அந்த டிசம்பர் இரவு முதல் அவர் சரியாக உறங்கவில்லை என்பது தெரிந்தது. சைக்கிள் பம்பின் 'உஸ்' ஒலி கேட்டாலும் நெஞ்சு படபடத்தது. பிரசவத்துக்குப் பிறகு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. குழந்தை அழாமலிருக்கக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். ஆக, அந்த இரவு காரணமேயில்லை என்றும் சொல்வதற்கில்லை. வாயுவாக அன்று, இரண்டாண்டுக் கால உறக்கமின்மையாக அது அவ்வீட்டில் தங்கிவிட்டது.

குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்து, கைப்பேசி நிறுத்தம், நாளுக்கு இருமுறை அரை மணி நேரம் முகம் பார்த்துப் பேசிப் பாடும் விளையாட்டு, அங்கன்வாடியில் சேர்க்கை. தாய்க்கு மனச்சோர்வுக்கான மருந்தும் ஆற்றுப்படுத்தலும். ஐந்து மாதங்களில் குழந்தை 'அம்மா', 'தா', 'போட்டு' உட்படப் பதினைந்து சொற்கள் பேசுகிறான். வயதுக்கு அது இன்னும் குறைவுதான். பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. மாமியார் இப்போது தாலாட்டுப் பாட வந்து உட்காருகிறார். பழைய பேச்சை முற்றிலும் விட்டுவிட்டாரா என்பதை நாங்கள் கேட்கவில்லை.

எப்போது வரவேண்டும்

ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் பேசாமலிருத்தல், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, கண்பார்த்துச் சிரிக்காமை, பேசிய சொற்களை மறத்தல். நான்கைந்து வயதில் ஓரிடத்தில் சிறிதும் இருக்க முடியாமை, ஓயாத அச்சம், இரவு அலறல். பள்ளி வயதில் திடீரென ஒதுங்கிப்போதல், உறக்கமும் உணவும் குறைதல், சாவைப் பற்றிய பேச்சு. இவற்றுள் ஏதேனும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழுவினர் வருகின்றனர், அவர்களிடமும் சொல்லலாம்.

மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ்), குழந்தைகள் துன்புறுத்தப்பட்டால் 1098, பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு 181 ஆகிய எண்களை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

முதன்முறை வரும்போது தாய்-சேய் நல அட்டை, பிரசவ மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டு, தடுப்பூசிப் பதிவு, பள்ளி ஆசிரியர் எழுதிய குறிப்பு ஆகியவற்றை எடுத்து வாருங்கள். அட்டை வெள்ளத்தில் போய்விட்டதென்றால் அதற்காக வராமலிருக்க வேண்டாம். நினைவில் உள்ளதைச் சொன்னால் போதும். குழந்தையை நாள் முழுதும் பார்த்துக்கொள்பவர் யாரோ, அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.